உணவுக்குப் பதில் பானம்: எந்த வேளைக்கு, எவ்வளவு, யாருக்கு?

உணவு மாற்றுப் பானங்களைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். சமைக்க நேரமில்லை, சமையல் பிடிக்கவில்லை, எடை குறைய வேண்டும், ஒருவருக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை என்று காரணங்கள் மாறும், கேள்வி மாறுவதில்லை. பொடியைக் கலக்கிக் குடித்தே வாழ்ந்துவிட முடியுமா?

முடியும். விழுங்க இயலாத நோயாளிகள் வயிற்றுக்குள் செல்லும் குழாய் வழியாகத் திரவ உணவை மட்டுமே பெற்று ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். குரோன் நோய் என்னும் குடல் அழற்சி உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை திரவ உணவை மட்டுமே கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. ஆனால் அங்கெல்லாம் எடை பார்க்கவும், இரத்தத்தைப் பரிசோதிக்கவும், அளவைக் கூட்டிக் குறைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் டப்பாவைத் திறப்பவருக்கு அவர்களில் ஒருவரும் இல்லை.

நோயில்லாதவர்களிடமும் இந்த ஆசையைக் கிளப்பியவர் ராப் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர். சாப்பிடுவதையே நிறுத்திவிட்டதாக 2013-இல் அவர் எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் சாய்லண்ட் என்ற அவருடைய உணவு மாற்றுப் பானம் உருவானது. 2015-இல் பிரிட்டனில் ஹியூல் என்ற உணவு மாற்றுப் பொடி விற்பனைக்கு வந்தது. அதன்பின் இதே பாணியில் எத்தனையோ பெயர்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பானத்தை நல்ல சாப்பாட்டோடு ஒப்பிட்டால் பானம் தோற்கும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒப்பிட வேண்டியது, அந்த வேளையில் நீங்கள் உண்மையிலேயே எதைச் சாப்பிடுகிறீர்களோ அதோடு. மாலை நான்கு மணிக்குப் பசி தாங்காமல் பிஸ்கட்டும் இனிப்புக் குளிர்பானமுமாகக் கழிகிற வேளையில் பானம் எளிதாக வெல்லும். பருப்பும் காய்கறியும் பழமுமாக அமைகிற வேளையைப் பானத்துக்குக் கொடுப்பது நஷ்டம்.

## முதலில், டப்பாவில் இருப்பது எது?

கடை அலமாரியில் ஒன்றுபோலவே தோன்றும் டப்பாக்களில் நான்கு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

புரதப் பொடி உணவு அல்ல. உணவோடு சேர்க்கும் துணை. ஒரு கரண்டியில் சுமார் 120 கலோரியும் புரதமும் இருக்கும், மற்றவை பெயரளவுக்கே. அதைச் சாப்பாடு என்று எண்ணிக் குடிப்பவர் உண்மையில் பட்டினி கிடக்கிறார்.

எடைக் குறைப்புப் பானம் வேண்டுமென்றே கலோரி குறைத்துச் செய்யப்பட்டது. உலகளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 1991-ஆம் ஆண்டுத் தரத்தின்படி, ஒரு வேளைக்கு ஈடானது 200 முதல் 400 கலோரிக்குள்ளும், நாள் முழுவதற்கும் ஈடானது 800 முதல் 1200 கலோரிக்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது, ஒரு வேளைக்கென 200 கலோரியில் செய்த பானத்தை மூன்று வேளையும் குடிப்பவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 600 கலோரி. தயாரித்தவரே அதை அப்படிக் குடிப்பதற்காகச் செய்யவில்லை.

மூன்றாவது, ‘முழு உணவு’ என்று விற்கப்படும் பொடி. பெரும்பாலும் ஒரு வேளைக்கு 400 கலோரி, ஐந்து வேளைக்கு 2000 கலோரி என்று கணக்குப் போட்டு, வைட்டமின்களையும் தாதுக்களையும் அந்த விகிதத்தில் கலந்திருப்பார்கள். நான்காவது மருத்துவ ஊட்டச்சத்துப் பானம்: அறுவை சிகிச்சைக்குப் பின்னும், முதுமையில் எடை இழப்பவர்களுக்கும் மருத்துவர் பரிந்துரைப்பது.

இனி இந்தக் கட்டுரையில் பானம் என்று பொதுவாகச் சொல்வது மூன்றாவது வகையை. இரண்டாவது வகை வரும் இடத்தில் தனியே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

சத்து முழுமையாகக் கிடைக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது தேவையான கேள்விதான், ஆனால் போதாது. அதோடு இன்னும் நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பசி அடங்குகிறதா? மிச்சமாகும் நேரம் உண்மையா, அல்லது வேறெங்கோ செலவாகிறதா? எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வருவதால் என்ன ஆபத்து? வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பும்போது என்ன ஆகும்?

கடைசி இரண்டையும் விளம்பரங்கள் தொடுவதே இல்லை. அதனாலேயே அவற்றுக்கு நான் அதிக எடை தருகிறேன்.

| | எல்லா வேளையும் பானம் | ஒரு வேளை பானம் | அவசர இருப்பு | எளிமையான சமையல் | மருத்துவக் கண்காணிப்பில் முழு மாற்று |
|---|---|---|---|---|---|
| சத்து | பட்டியலில் உள்ளது கிடைக்கும் | மற்ற வேளைகள் ஈடுசெய்யும் | பாதிப்பில்லை | தேர்வைப் பொறுத்தது | குறைந்த கலோரி, அளந்து தரப்படும் |
| பசி | நாள்பட இடையூறு | சமாளிக்கலாம் | பிரச்சினை இல்லை | நன்றாக அடங்கும் | முதல் நாட்கள் கடினம் |
| நேரம் | அதிகம் மிச்சம் | ஓரளவு மிச்சம் | தேவைப்படும்போது மட்டும் | செலவாகும் | சந்திப்புகளுக்கு நேரம் தேவை |
| ஒரே மூல ஆபத்து | மிக அதிகம் | குறைவு | இல்லை | இல்லை | கண்காணிப்பு குறைக்கிறது |
| திரும்பும் வழி | கடினம் | எளிது | தேவையில்லை | தேவையில்லை | திட்டத்திலேயே உள்ளது |

## எல்லா வேளையும் பானம்

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. என்ன சாப்பிடுவது என்ற அன்றாட யோசனையே ஒழிந்துவிடும். கலோரிக் கணக்கு துல்லியமாக இருக்கும். பாத்திரம் குவியாது.

ஆனால் எந்தக் கலவையும், அதைச் செய்தவருக்குத் தெரிந்த சத்துகளின் பட்டியலைத் தாண்டிப் போக முடியாது. 1970-களில், இரத்தக் குழாய் வழியாக மட்டுமே ஊட்டம் பெற்ற நோயாளிகள் சிலருக்குக் குரோமியம், செலினியம் போன்ற நுண்தாதுக்களின் குறைபாடு வந்தது. அந்தத் திரவங்களில் அவை போதுமான அளவு இல்லை. அவை எவ்வளவு இன்றியமையாதவை என்பதையே மருத்துவம் அந்த நோயாளிகளிடமிருந்துதான் தெளிவாகக் கற்றுக்கொண்டது. இன்றைய பட்டியல் அன்றையதைவிட நீளமானது. ஆனாலும் தாவர உணவில் உள்ள எண்ணற்ற சேர்மங்களும், பலவகை நார்ச்சத்துகளும் ஒரு பொடியில் முழுமையாக வந்து சேர்வதில்லை.

இதைவிடக் கவலை தருவது தயாரிப்புப் பிழை. இதற்குச் சான்று வேண்டுமென்றால் பால்மாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் உலகில் ஒரே பொடியை மட்டுமே நம்பி வாழும் மிகப் பெரிய கூட்டம் கைக்குழந்தைகள்தாம். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் சோயாவைக் கொண்டு செய்த ஒரு பால்மாவில் குளோரைடு போதாமல் போனது. அதை மட்டுமே குடித்த குழந்தைகள் நோயுற்றார்கள். 1980-இல் அங்கே பால்மாவுக்கென்றே தனிச் சட்டம் வருவதற்கு அது காரணமாயிற்று. 2003-இல் இஸ்ரேலில் விற்ற ரெமீடியா என்ற சோயாப் பால்மாவில் தயமின், அதாவது வைட்டமின் பி1, போதிய அளவில் இல்லை. குழந்தைகள் இறந்தனர், பிழைத்த சிலருக்கு மீளாத நரம்புப் பாதிப்பு.

பெரியவர்களின் உடலில் இருப்பு அதிகம், பாதிப்பு அவ்வளவு விரைவாக வராது. ஆனால் தர்க்கம் ஒன்றே: பத்து வகை உணவு உண்பவருக்கு ஒன்றில் நேரும் குறை பத்தில் ஒரு பங்கு, ஒன்றையே உண்பவருக்கு அது முழுப் பங்கு. 2016-இல் சாய்லண்ட் நிறுவனம், வாடிக்கையாளர்கள் சிலர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று புகார் சொன்னதையடுத்துத் தன் சத்துக் கட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு ஒரு பொடியின் விற்பனையையும் நிறுத்தியது. அவற்றை எப்போதாவது உண்டவர்கள் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். மூன்று வேளையும் அதையே நம்பியிருந்தவரின் வீட்டில் மறுநாள் சாப்பாட்டுக்கு வழி?

பசிக்கு வருவோம். திரவக் கலோரியை உடல் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதற்கு 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள். பதினைந்து பேருக்கு நாளொன்றுக்கு 450 கலோரி, நான்கு வாரம் மிட்டாயாகவும் நான்கு வாரம் சோடாவாகவும் தரப்பட்டது. மிட்டாய் தின்ற காலத்தில் மற்ற உணவை அவர்கள் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த காலத்தில் அப்படிக் குறைக்கவில்லை. அது சர்க்கரைத் தண்ணீர். புரதமும் நார்ச்சத்தும் உள்ள கெட்டியான பானம் அதைவிட மேலாகவே பசியை அடக்கும். என்றாலும் இரண்டு நிமிடத்தில் விழுங்கி முடித்ததை வயிறு சாப்பாடாக ஏற்கத் தயங்குவதை, குடித்துப் பார்த்தவர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள்.

மறைவான செலவுகள் வேறு. தொடக்க நாட்களில் வாயுத் தொல்லை அல்லது மலச்சிக்கல். உடனே கழுவாவிட்டால் நாறும் ஷேக்கர். ஒரே சுவையின் சலிப்பு. அதைத் தாண்டுவதற்காகக் கொறிக்கத் தொடங்கி, மாற்று என்று வந்தது கூடுதலாகிவிடுவது. நாம் பருகுவதாக எண்ணாமலே உணவிலிருந்து பெறும் நீர் அன்றாடத் தேவையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு. பொடியைக் குறைந்த நீரில் கெட்டியாகக் கலக்குபவர்கள் தனியாகத் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள்.

இதோடு, மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது நீங்கள் புட்டியோடு உட்கார வேண்டும். முதல் வாரம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு உங்களை அழைப்பதையே குறைத்துவிடுவார்கள். தனியாக வாழ்பவருக்கு நாளில் மனிதர்களோடு உட்காரும் ஒரே நேரம் சாப்பாட்டு நேரமாக இருக்கலாம். அது போவது எந்தச் சத்து அட்டவணையிலும் பதிவாகாது.

இது சிறந்த தேர்வாகும் சூழல் உண்டா? தாடை அறுவை சிகிச்சைக்குப் பின், மெல்ல முடியாத நாட்களில், சமையலுக்கு எந்த வசதியும் இல்லாத சில நாள் பயணத்தில் உண்டு. எல்லாமே முடியும் நாள் தெரிந்தவை. முடிவு நாள் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

## ஒரு வேளை மட்டும் பானம்

பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுதான். ஆதாரமும் இதன் பக்கம் உறுதியாக இருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 5145 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிரப் பயிற்சிக் குழுவினர் முதல் மாதங்களில் சில வேளை உணவுக்குப் பதிலாக இரண்டாவது வகையான எடைக் குறைப்புப் பானங்களைப் பயன்படுத்தினார்கள். முதலாண்டு முடிவில் அந்தக் குழு சராசரியாக 8.6 விழுக்காடு எடை இழந்தது. பானத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் அதிகம் இழந்தார்கள். உடற்பயிற்சியும் ஆலோசனையும் சேர்ந்த திட்டம் அது, பெருமை முழுவதும் பானத்துக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2012-இல் இத்தகைய பானங்களுக்கு ஓர் அளவான கூற்றையே அனுமதித்தது: கலோரி குறைத்த உணவுமுறையில் இரண்டு வேளையை மாற்றினால் எடை குறைய உதவும், ஒரு வேளையை மாற்றினால் குறைந்த எடையைக் காக்க உதவும்.

எந்த வேளை என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். காலையில் எதுவும் சாப்பிடாத பழக்கமுள்ள ஒருவர் காலையில் 400 கலோரிப் பானத்தைத் தொடங்கினால் அவர் எதையும் மாற்றவில்லை. 400 கலோரியைக் கூட்டிக்கொண்டார். காலையில் சாப்பிடாததால் பதினொரு மணிக்கு எண்ணெய்ப் பலகாரத்தில் விழுபவர் என்றால் கணக்கு வேறு. ஆகவே ஒரு வாரம் எதையும் மாற்றாமல், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அதில் மிக மோசமான வேளை எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும். பானம் அங்கே போகட்டும். குடும்பத்தோடு உண்ணும் வேளையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும்.

இங்கும் ஒரு மறைவான செலவு இருக்கிறது. பானம் குடித்தாகிவிட்டது என்ற தைரியத்தில் இரவில் அளவு மீறுவது. பானத்தின் 400 கலோரியைத் துல்லியமாக எண்ணிவிட்டு, தட்டில் விழுவதை எண்ணாமல் விடுவது மனித இயல்பு.

## அவசரத்துக்கு இருப்பு வைப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலக இழுப்பறையில் இரண்டு புட்டி, பயணப் பையில் இரண்டு பொட்டலம். வாரத்தில் சில முறை கைகொடுத்தால் போதும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பொடியில் உள்ள வைட்டமின் சி போன்றவை காலப்போக்கில் சிதையும். கலக்கிய பானத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து லேபிளில் சொன்ன நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெளியே மணிக்கணக்கில் கிடந்ததைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

## எளிமையான சமையல்

பானத்தின் உண்மையான போட்டியாளர் இதுதான். ஆனால் ஒப்பீடுகளில் இதன் இடத்தில் மூன்று பதார்த்தம் கொண்ட விருந்தை நிறுத்திவிட்டு, இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று கேட்கிறார்கள். வேகவைத்த முட்டை, ஒரே தடவையில் மூன்று நாளைக்கு வேகவைத்து வைத்த பருப்பு வகை, நறுக்க வேண்டாத பழம், ஒரு கைப்பிடி கொட்டைகள். இதற்கு ஆகும் நேரம், ஷேக்கரைத் தேடி எடுத்துக் கலக்கிக் கழுவுவதைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 25 கிராம் இயற்கையான நார்ச்சத்தும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேலே சொன்னது போன்ற உணவில் இதை எட்டுவது கடினமல்ல. மெல்லும் வேலை இருப்பதால் வேகம் குறையும், பசியும் அடங்கும்.

இதற்கும் செலவு உண்டு. வாங்கி வைத்த காய்கறி அழுகும். கடைக்குப் போக வேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்கு முட்டையை வேகவைப்பதுகூட மலைபோலத் தோன்றும் நாட்கள் வரும். அப்படிப்பட்ட நாட்களில் சமைக்கவில்லையே என்று தன்னை நொந்துகொள்வதைவிட ஒரு பானத்தைக் குடித்துவிட்டுப் படுப்பது எவ்வளவோ மேல்.

## மருத்துவக் கண்காணிப்பில் முழு மாற்று

எல்லா வேளையும் பானம் என்பது மிகத் தெளிவான பலனைக் காட்டியிருப்பது இங்கேதான். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில், ஆறாண்டுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட எடைக் குறைப்புப் பானங்களில் மட்டும் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு நாளையே தொடங்க நினைப்பவர்கள் அந்த ஆய்வின் மற்ற பகுதிகளையும் பார்க்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் தொடக்கத்திலேயே மருத்துவர் பொறுப்பில் நிறுத்தப்பட்டன. வழக்கமான அளவில் மருந்தை எடுத்துக்கொண்டே 850 கலோரிக்கு இறங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். பானக் கட்டம் முடிந்ததும் இரண்டு முதல் எட்டு வாரங்களில் உணவைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் தொடர்ந்து சந்தித்தார்கள். விரைவாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகரிப்பது தெரிந்த விஷயம்.

கண்காணிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1970-களின் பிற்பகுதி காட்டியது. தரம் குறைந்த கொலாஜன் புரதத்தால் ஆன திரவத்தை மட்டும் குடித்து எடை குறைக்கும் மோகம் அமெரிக்காவில் பரவியது. அதைப் பின்பற்றியவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக்குத் தகவல் வந்தது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. இன்றைய பானங்கள் அந்தத் திரவத்தைவிட எவ்வளவோ மேலானவை. கண்காணிப்பின் தேவை மட்டும் அன்றுபோலவே இருக்கிறது.

## மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள். சிறுநீரக நோயாளிகள்; பானங்களில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் புரதமும் அவர்களுக்குச் சுமை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள், பானத்தில் சேர்த்த வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள். சோயா, கால்சியம், இரும்பு மூன்றுமே மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வளரும் பிள்ளைகளும் இதில் அடக்கம். உணவுக் கோளாறிலிருந்து மீண்டவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சாப்பிடாமலிருக்க மரியாதையான ஒரு காரணத்தை இந்தப் பானம் அவர்கள் கையில் கொடுத்துவிடும்.

## வாங்கும் முன்

முன்பக்க வாசகங்களை விட்டுவிட்டு டப்பாவைத் திருப்புங்கள். ஒரு வேளை என்று அவர்கள் சொல்லும் அளவில் எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் நார்ச்சத்து என்று பாருங்கள். மூலப்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால், இரத்தச் சர்க்கரையை விரைவில் ஏற்றும் மாவுச்சத்து அதில் அதிகம் என்று பொருள். பால் புரதத்தில் செய்ததில் சிறிதளவாவது லாக்டோஸ் இருக்கக்கூடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் விழுக்காடுகளை நீங்கள் குடிக்கப்போகும் வேளைகளால் பெருக்குங்கள். ஏற்கெனவே சத்து மாத்திரை போடுபவர் என்றால் அதையும் கூட்டுங்கள்; வைட்டமின் ஏ, இரும்பு இரண்டும் மிகையானால் தீங்கு செய்பவை.

மாதக்கணக்கில் வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். சிறிய பொட்டலத்தை வாங்கி முதலில் இரண்டு வாரம் ஒரே ஒரு வேளைக்குக் குடித்துப் பாருங்கள். வயிறு ஒத்துழைக்கிறதா, அடுத்த வேளை வரை பசி பொறுக்கிறதா என்று பார்த்த பிறகு பெரிய பொட்டலத்தைப் பற்றி யோசிக்கலாம். தலைச்சுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறாக முடி உதிர்வது ஆகியவற்றில் எது வந்தாலும் பானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.